பில் இல்லாத கார்டும் எர்த் இல்லாத வீடும்

தங்கவயலில் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீப் லைன் வீடுகள் என்று எங்கே பார்த்தாலும் கேமிங் சிஸ்டம் அசெம்பிள் செய்யும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கத்தை மூடியதிலிருந்து இந்த ஊர் பிழைப்புக்குப் பெங்களூரையே நம்பியிருக்கிறது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி இருட்டிய பிறகு வீடு திரும்பும் பிள்ளைகள், சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு மாதம் போர்டு, ஒரு மாதம் ரேம், போனஸ் வந்தால் கிராபிக்ஸ் கார்டு என்று சேர்க்கிறார்கள். எந்தக் கார்டில் எந்த கேம் எப்படி ஓடும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். அந்தக் கார்டு நான்காம் மாதம் செத்துப்போனால் எந்த அலுவலகத்துக்கு எந்தக் காகிதத்தோடு போக வேண்டும் என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

திரும்பத் திரும்ப ஒரே கதைதான் காதில் விழுகிறது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கார்டு வாங்கியிருப்பார்கள். கடைக்காரர், "பில் போட்டால் ஜி.எஸ்.டி. சேரும், பில் இல்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருப்பார். சில ஆயிரம் மிச்சம் என்று சந்தோஷமாக வாங்கி வந்திருப்பார்கள். கார்டு போனதும் கடைக்குப் போனால் சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்வார்கள். சர்வீஸ் சென்டரில் பில் கேட்பார்கள். கையில் இருப்பதோ ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டு. அதில் கடையின் ஜி.எஸ்.டி. எண் இல்லை, வாங்கியவர் பெயர் இல்லை, கார்டின் சீரியல் எண் இல்லை. பேனாவில் கிறுக்கிய ஒரு தொகை மட்டும் இருக்கும். மூன்று ஆண்டு வாரண்டி உள்ள பொருளை இப்படிக் குப்பையில் போட்டவர்கள் இந்த ஊரில் கொஞ்சநஞ்சமல்ல.

பிராண்டு கம்ப்யூட்டர் வாங்கினால் எது கெட்டாலும் பொறுப்பு ஒரே கம்பெனிக்கு. நாமே அசெம்பிள் செய்தால் அப்படியில்லை. பிராசசர், போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., கார்டு, எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட், மானிட்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாரண்டி, தனித்தனி சர்வீஸ் சென்டர், தனித்தனி காலக்கெடு. இவற்றை ஒன்றாகச் சேர்த்தவர் நாம் என்பதால், ‘என் பொருளில் கோளாறு இல்லை, அடுத்தவன் பொருளால் கெட்டது’ என்று ஒவ்வொருவரும் கைகாட்ட வசதியாக இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: பாகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பில்லையும் வாரண்டியையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். பில் கொடுக்காத கடை ஐயாயிரம் குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

பில் எப்படி இருக்க வேண்டும்?

பில் கொடுக்க மறுப்பது கடைக்காரரின் விருப்பத்தைப் பொறுத்த விஷயமல்ல. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 2(47) பிரிவு, பில் தராமல் விற்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறைதான். பில்லில் கெடு எழுதியிருந்தால் அந்தக் கெடுவுக்குள்ளும், எழுதாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் கடை திரும்ப எடுத்தாக வேண்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்து வைத்திருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. இதை எத்தனை முறை சொன்னாலும், அந்த வரியைப் படித்ததும் பேசாமல் திரும்பி வந்துவிடுகிறார்கள் நம் பிள்ளைகள்.

பில் கைக்கு வந்ததும் கவுண்டரிலேயே நின்று படியுங்கள். கடையின் பெயர், முகவரி, 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். கர்நாடகக் கடை என்றால் அந்த எண் 29 என்று தொடங்கும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33. அந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் அது யாருடையது, இன்னும் உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பில்லில் வரிசை எண்ணும் தேதியும் உங்கள் பெயரும் வேண்டும். பொருளின் முழு மாடல் பெயர் வேண்டும். ‘கிராபிக்ஸ் கார்டு – 1’ என்று எழுதினால் ஏற்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் ஏற வேண்டும். பெட்டியில் உள்ள எண்ணும் கார்டின் முதுகில் ஒட்டியுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று சீலை உடைத்ததும் ஒப்பிடுங்கள். எண் மாறியிருந்தால் யாரோ திருப்பிக் கொடுத்த பொருளைப் புதுப் பெட்டியில் போட்டிருக்கலாம்.

இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. அந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டி துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பையில் வந்த சரக்காக இருக்கலாம். அதற்கு இந்தியாவில் வாரண்டி கிடைக்கும் என்று நம்ப முடியாது. வாங்கும் முன்பே சீரியல் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு, இந்தியாவில் வாரண்டி எப்போது முடிகிறது என்று பாருங்கள். சில கம்பெனிகள் பில் தேதியிலிருந்து கணக்கிடாமல் தயாரித்த தேதியிலிருந்து கணக்கிடுகின்றன. இரண்டு ஆண்டு கிடங்கில் தூங்கிய கார்டை வாங்கினால் வாரண்டியின் பெரும்பகுதி முன்பே கரைந்திருக்கும்.

இன்னொரு தவறு. பெங்களூரில் மாமாவோ நண்பரோ ஒரு சின்னக் கம்பெனி வைத்திருப்பார். “என் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் போடு, வரியை நான் கழித்துக்கொள்கிறேன், உனக்கு 18 சதவீதம் மிச்சம்” என்பார். வேண்டவே வேண்டாம். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை இன்னொருவர் தொழிலின் கணக்கில் காட்டி வரி கழிப்பது சட்டப்படி தவறு. அத்துடன், வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோர் சட்டம் நுகர்வோராக ஏற்காது. நாளைக்கு நீங்கள் வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தூக்கிக் காட்டப்போவது அந்த பில்லைத்தான். உங்கள் பெயரில் பில் போட்டு, நீங்களே வீடியோ எடிட் செய்தோ ஸ்ட்ரீமிங் செய்தோ பிழைத்தால் பயமில்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவருக்குச் சட்டம் விலக்குத் தந்திருக்கிறது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கஞ்சத்தனம் வேண்டாம்

பணத்தையெல்லாம் கார்டில் போட்டுவிட்டு, கடைசியில் கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸையே மாட்டிவிடுகிறார்கள். இதுதான் மற்ற பாகங்களையும் சேர்த்துக் கொல்கிறது. அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திருப்பி, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். கீழே சின்னக் கட்டங்களில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனியாக ஆம்பியர் போட்டிருப்பார்கள். இன்றைய பிராசசரும் கார்டும் கிட்டத்தட்ட முழுச் சக்தியையும் 12 வோல்ட் வழியாகத்தான் இழுக்கின்றன. அந்தக் கட்டத்தில் 16 ஆம்பியர் என்று இருந்தால் 12ஐ 16ஆல் பெருக்குங்கள்: 192 வாட். வாங்கியது 450 அல்ல, வெறும் 192. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு மட்டுமே 170 வாட் கேட்கும். அதற்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. மீதி 22 வாட்டில் பிராசசர் எப்படி ஓடும்?

12 வோல்ட் கட்டத்தைப் படிக்காமல் எஸ்.எம்.பி.எஸ். வாங்காதீர்கள். அதே லேபிளில் பி.ஐ.எஸ். முத்திரையும் அதன் கீழ் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தத் தொழிற்சாலைக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று காட்டும். செல்போன் சார்ஜருக்கு வாங்கிய எண்ணை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அச்சடித்திருந்தால் அங்கேயே பிடிபடும். 80 பிளஸ் என்ற முத்திரையை மட்டும் நம்பி வாங்குகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றித் தருகிறது என்பதற்கான சான்று மட்டுமே, பாதுகாப்புச் சான்று அல்ல.

அடுத்து வீட்டு எர்த். 1902லேயே சிவனசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் வந்த ஊர் இது. ஆனாலும் லைன் வீடுகள் பலவற்றில் இன்றும் மூன்று பின் பிளக் பாயிண்ட்டின் மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. கேபினெட்டில் கை வைத்தால் ‘சுர்’ரென்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே விளையாடுகிறார்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் எர்த் கம்பிக்குள் இறக்க வேண்டிய கசிவு மின்சாரம், எர்த் இல்லாததால் கேபினெட்டின் தகரத்தில் நிற்கிறது. உங்கள் கைதான் அதற்கு வழியாகிறது. சாதாரணமாக அது ஆளைக் கொல்லாத அளவுதான். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். உள்ளே ஷார்ட் ஆனால் முழு 230 வோல்ட்டும் தகரத்துக்கு வரும். எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும். எர்த் இல்லாவிட்டால் உயிர் போகலாம். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 காட்டினால், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. தண்ணீர்க் குழாயில் கம்பி சுற்றி எர்த் என்று சொல்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள். கார்டு வாங்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, முறையாகக் குழி வெட்டி எர்த் போடுங்கள். ஆயிரம் முறை சொல்வேன்: எர்த் இல்லாத வீட்டில் கேமிங் சிஸ்டம் வேண்டாம்.

கம்பத்திலிருந்து வரும் வோல்டேஜே தாறுமாறாக இருந்தால் மின்சாரம் தரும் பெஸ்காமின் 1912க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். லைன்மேனிடம் வாயால் சொல்வதற்குப் பிறகு எந்த மதிப்பும் இல்லை. பொருள் கருகிய பிறகு நஷ்டஈடு கேட்க அந்தப் புகார் எண்தான் சாட்சி. மீட்டருக்கு அந்தப் பக்கம் அவர்கள் பொறுப்பு, இந்தப் பக்கம் நம் பொறுப்பு.

காற்றடிக்கும் மாதங்களில் சுரங்கக் கழிவான சயனைடு மேடுகளிலிருந்து பறக்கும் மாவு மண் இந்த ஊருக்கே உரிய பிரச்சினை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட்டை விட, கழற்றிக் கழுவக்கூடிய தூசி வலை உள்ள கேபினெட் நமக்கு ஏற்றது. வலையை வாரம் ஒருமுறை தட்டுங்கள்.

போர்டு, பிராசசர், பழைய கார்டு

போர்டு வாங்கும்போது கவுண்டரிலேயே சாக்கெட் மூடியைத் திறந்து, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பின் வரிசையைப் படம் எடுங்கள். இன்டெல் போர்டுகளிலும் ஏஎம்5 போர்டுகளிலும் மயிர் போன்ற பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் ‘உடைந்த பொருள்’ என்று வாரண்டி மறுப்பார்கள். வளைத்தது கடையா, நீங்களா, சர்வீஸ் சென்டரா என்று நிரூபிக்க அந்தப் படத்தை விட்டால் வேறு வழியில்லை. சர்வீஸ் சென்டரில் கொடுப்பதற்கு முன்னும் அதே கோணத்தில் ஒரு படம் எடுங்கள். ஜாப் ஷீட்டில் ‘பின்கள் நேராக உள்ளன’ என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால், அதையே அங்கேயே ஒரு மின்னஞ்சலாக அவர்களுக்கு அனுப்பிவிட்டு வாருங்கள்.

பிராசசர் பெட்டியோடு வருகிறதா, ‘டிரே’யா என்று கேளுங்கள். பெட்டியில் வருவதற்குப் பொதுவாக மூன்று ஆண்டு கம்பெனி வாரண்டி உண்டு. டிரே பிராசசருக்கு வாங்கிய கடைதான் பொறுப்பு, கம்பெனி நேரடியாக ஏற்காது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பலவற்றில் வோல்டேஜ் கோளாறு வந்து, 2024 ஆகஸ்டில் அந்தக் கம்பெனியே பெட்டியில் வந்தவற்றின் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. பழையதாக அதை வாங்குகிறவர்கள் முதல் பில்லையும் கேட்டு வாங்குங்கள். வாங்கிய அன்றே போர்டின் பயாஸைப் புதுப்பியுங்கள்.

பழைய கார்டு வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கையில் இருக்கும் காசுக்கு அதுதான் வழி என்றால் கண்ணைத் திறந்து வாங்குங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் தேவையில்லாத முறைக்கு மாறியபோது, இரவு பகலாக மைனிங்கில் ஓடிய கார்டுகள் கூட்டம் கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் சில இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. இன்னொரு வகை அப்பட்டமான மோசடி. பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய சிப்பின் பயாஸை மாற்றி எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்கிறார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். இப்படிப்பட்ட கார்டுகள் பலவற்றை அது பெயருக்கு முன்னாலேயே ‘போலி’ என்று எழுதிக் காட்டிவிடும். ஆர்எக்ஸ் 580 என்று சொன்னால் ஷேடர் எண்ணிக்கையைப் பாருங்கள். 2304 என்று இருக்க வேண்டும். 2048 என்று காட்டினால் அது சீனச் சந்தைக்கென்று வந்த குறைந்த வகை. பிறகு ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை அரை மணி நேரம் ஓட்டி, சூடும் ஃபேன் சத்தமும் பாருங்கள். ஓட்டிப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.

எஸ்.எஸ்.டி.யைச் சோதிக்க கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருள் போதும். புதியது என்று விற்ற டிரைவில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியதாகக் காட்டினால் அப்போதே திருப்பிக் கொடுங்கள். 2025 கடைசியிலிருந்து ஏ.ஐ. நிறுவனங்கள் மெமரியை அள்ளிக்கொண்டதால் ரேம் விலை எகிறிவிட்டது. இந்த நேரத்தில் ‘பழைய விலைக்கே ரேம்’ என்று இன்ஸ்டாகிராமிலோ டெலிகிராமிலோ யாராவது கூவினால், முன்பணம் அனுப்பாதீர்கள். அனுப்பி ஏமாந்துவிட்டால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் முடக்க முடிந்தால்தான் திரும்ப வரும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தவர்களுக்குப் பணம் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. தங்கவயல் தனிக் காவல் மாவட்டம், புகாரை இங்கேயே கொடுங்கள். ‘ஏமாற்றியவன் டெல்லியில் இருக்கிறான், அங்கே போய்க் கொடு’ என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும். பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

கோலார் நுகர்வோர் ஆணையத்துக்கு எப்படிப் போவது?

கடையில் கத்தியோ, கூகுளில் ஒரு நட்சத்திரம் போட்டோ ஒன்றும் ஆகாது. எழுத்தில் இறங்குங்கள். முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் மின்னஞ்சல்: வாங்கிய தேதி, பில் எண், சீரியல் எண், கோளாறு, என்ன வேண்டும் என்ற ஐந்து விஷயங்கள் போதும். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அவர் பெயர் தளத்தின் அடியில் இருக்கும். தேடினால்தான் கிடைக்கும் இடத்தில் வைத்திருப்பார்கள்.

அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். ஆனால் இந்த உதவி எண்ணுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது, கம்பெனிக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்கும். பதில் வந்ததும் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிடுவதும் உண்டு. பொருள் கைக்கு வராமலே மூடினால் அதை முடிவு என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். அந்தப் புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

அடுத்தது நோட்டீஸ். வக்கீல் வேண்டியதில்லை, நீங்களே எழுதலாம். 15 நாள் கெடு கொடுங்கள். கடை, இறக்குமதியாளர், கம்பெனியின் இந்திய அலுவலகம் மூன்றுக்கும் அனுப்புங்கள். பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டதால், கவுண்டரில் ‘பதிவும் ஒப்புகையும் சேர்த்து’ என்று கேட்டு அனுப்புங்கள். தபால் ரசீதையும் சேர்ந்ததற்கான ஆன்லைன் பிரிண்ட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

கெடு தாண்டினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பெங்களூரில் வாங்கினால் பெங்களூரில்தான் வழக்குப் போட வேண்டும் என்று கடைக்காரர்கள் பயமுறுத்துவார்கள். பில்லிலும் ‘பெங்களூர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று அச்சடித்திருப்பார்கள். 2019 சட்டத்தின் 34ஆவது பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடும் உரிமையைத் தந்திருக்கிறது. நமக்கு அது கோலார். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. எந்த கேமிங் சிஸ்டமும் இதற்குள் அடங்கும். ஆக, ஒரு ரூபாய் கட்டணம் இல்லாமல், முப்பது கிலோமீட்டர் தூரத்தில், வக்கீல் இல்லாமல் நீங்களே வழக்கு நடத்தலாம். இதைத் தெரியாமல் எத்தனை பேர் பழுதான கார்டைப் பரணில் போட்டிருக்கிறார்கள்!

காகிதங்கள் இவை: புகார் மனு, அதிலுள்ளது உண்மை என்ற உறுதிமொழிப் பத்திரம், பில், வாரண்டி அட்டை, ஜாப் ஷீட், மின்னஞ்சல்களின் பிரிண்ட், நோட்டீஸ் நகல், தபால் ரசீது, கோலார் மாவட்டத்தில் குடியிருப்பதற்கான ஆதாரம். வாட்ஸ்அப் உரையாடலையோ பெட்டி பிரித்த வீடியோவையோ சாட்சியாக வைத்தால், பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63(4) பிரிவின் கீழ் சான்றிதழும் இணைக்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, நல்ல சாட்சியையும் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆணையத்துக்கும் ஒவ்வொரு எதிர்த்தரப்புக்கும் தனித்தனி செட் தேவை. மனு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும். நேரில் போக முடியாதவர்கள் இ-ஜாக்ரிதி தளத்தில் தாக்கல் செய்யலாம். ரயிலில் போய் வரும் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி.

மனுவில் என்ன கேட்கிறோம் என்பதைத் தெளிவாக எழுதுங்கள்: புதுப் பொருள் அல்லது பணம், வட்டி, மன உளைச்சலுக்கு ஈடு, வழக்குச் செலவு. எஸ்.எம்.பி.எஸ். வெடித்துக் கார்டும் போர்டும் சேர்ந்து போயிருந்தால் அவற்றின் விலையையும் கேளுங்கள். பழுதான பொருளால் உங்களுடைய வேறு சொத்துக்கு வந்த சேதத்துக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு என்று 2019 சட்டத்தில் புதிதாக ஒரு தனி அத்தியாயமே சேர்த்தார்கள். ஒவ்வொரு பாகத்தையும் தனியாக வாங்கிய நமக்கு இந்த இடத்தில் வாதம் வலுவாக நிற்கும்.

மனுவை ஏற்பதா என்று ஆணையம் 21 நாளில் முடிவு செய்ய வேண்டும். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், அதற்கு மேல் நீட்டித்தாலும் 15 நாள்தான். இந்த 45 நாளைத் தாண்டி வந்த பதிலை ஏற்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச் 4 அன்று தீர்ப்பளித்தது. வாய்தா கேட்டு இழுத்தால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள். சட்டப்படி மூன்று மாதத்தில், ஆய்வகப் பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், வழக்கு முடிய வேண்டும். நடைமுறையில் இழுக்கிறார்கள். ஆணைய உறுப்பினர் இடங்களை நிரப்பாமல் காலியாக வைத்துவிட்டு, ‘நுகர்வோரே விழித்தெழு’ என்று விளம்பரம் கொடுக்கும் அரசுகளை என்ன சொல்வது? இருந்தாலும் விடாதீர்கள். உத்தரவு வந்த பிறகும் பணம் தராவிட்டால் 72ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. அதற்கு நீங்கள் நிறைவேற்று மனு போட வேண்டும், தானாக நடக்காது.

கோளாறு தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். சர்வீஸ் சென்டர் ‘அடுத்த வாரம், அடுத்த மாதம்’ என்று நாள் கடத்துவதை நம்பி இந்தக் கெடுவைத் தாண்டவிடாதீர்கள். அவர்கள் இழுத்த நாளைச் சட்டம் உங்கள் கணக்கில்தான் எழுதும்.

தனியாக வாதாடப் பயமாக இருந்தால் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிக் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தங்கவயலில் பெரும்பாலான குடும்பங்கள் இந்தப் பட்டியலில் ஏதாவது ஒன்றில் வரும். பையன் பெயரில் வாங்குவதற்குப் பதில் அம்மா பெயரில் பில் போட்டிருந்தால் அம்மாவே புகார்தாரராக நிற்கலாம்.

ஏற்கெனவே பில் இல்லாமல் வாங்கிவிட்டவர்கள் இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். யு.பி.ஐ.யில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பரிவர்த்தனை எண்ணோடு வங்கிக் கணக்கு அறிக்கையைப் பிரிண்ட் எடுங்கள். கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். பொருளின் சீரியல் எண்களைப் படம் எடுங்கள். பிறகு கடைக்கு எழுத்தில் பில் கேளுங்கள்; கார்டு இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கேளுங்கள். கெட்ட பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள். ஓடும்போது கேட்டால், வரியை மட்டும் வாங்கிக்கொண்டு பில் போட்டுத் தரும் கடைகளும் இருக்கின்றன. தர மறுத்தால் அந்த மறுப்பும் எழுத்தில் வரட்டும். கோலாரில் மனுவோடு இணைக்க உங்களுக்கு அதுவும் ஒரு காகிதம்.